அக்காவின் வண்டி நின்ற இடங்கள்

சிக்னலில் பக்கத்து வண்டியின் எஞ்சின் தட்டுத்தடுமாறினால் இப்போதும் என் கை தானாக முன்னால் நீளும், யாருடைய தோளையோ பிடித்துக்கொள்வதைப் போல. அது என் அக்காவின் தோள். அவளுக்குப் பின்னால் நான் உட்கார்ந்து போன காலத்தில் அந்தச் சத்தம் எனக்கு மனப்பாடம். முதலில் துடிப்பு ஒன்று தவறும். பிறகு இரண்டு மூன்று சேர்ந்து தவறும். அக்கா ஆக்சிலேட்டரை முறுக்கிப் பார்ப்பாள். வண்டி இருமிக் குலுங்கி அடங்கிவிடும். பின்னால் நிற்கும் பேருந்து ஹாரன் அடிக்கும். அக்கா திரும்பி, "இன்னா, ஆசைப்பட்டா நிறுத்தி வச்சிருக்கேன்?" என்று கேட்பாள். கேட்டுவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டியை ஓரமாகத் தள்ளுவாள்.

வண்டி அவளுடையது அல்ல, அவள் கணவர், என் மாமாவுடையது. வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு மாமா வீடு வீடாகப் போய் வயரிங் வேலை செய்து வாங்கிய மோட்டார் சைக்கிள் அது. ஒரு நாள் காலையில் பல் விளக்கப் போனவர் அப்படியே சரிந்து விழுந்தார். வலது கையும் காலும் போயின. பேச்சு திரும்பி வந்தது, ஆனால் குழறிக்கொண்டு. அதுவரை காலாப்பட்டில் ஒரு மாணவர் விடுதியின் சமையல்கூடத்தில் பகல் வேலை பார்த்துவந்த அக்கா, சம்பளம் கூடுதல் என்பதால் விடியற்காலை வேலைக்கு மாறிக்கொண்டாள். எங்கள் வீடு பாண்டிச்சேரியில், மூலக்குளத்தில். அங்கிருந்து இரண்டு பேருந்து மாறிப் போனால் விடுதிப் பிள்ளைகள் இட்லி சாப்பிட்டு முடித்த பிறகுதான் போய்ச் சேரலாம். அதனால் மாமாவின் வண்டியை எடுத்தாள். எப்போதோ கடற்கரை மணலோரம் விளையாட்டாக மாமா ஓட்டக் கற்றுக்கொடுத்தது அப்போது உதவியது. நானும் அங்கே பக்கத்தில் ஒரு கடையில் வேலை பார்த்ததால் பல நாள் அவளோடு தொற்றிக்கொள்வேன்.

மாமா விழுந்த பிறகு வந்த முதல் ஆயுத பூஜைக்கு அவரை நாற்காலியில் தூக்கிவைத்து வாசலுக்குக் கொண்டுவந்தோம். பொட்டு நான்தான் வைப்பேன் என்று பிடிவாதம் பிடித்தார். இடது கைக்கு அளவு தெரியவில்லை. கிண்ணத்திலிருந்த சந்தனத்தில் பாதி ஒரே கட்டியாகப் பெட்ரோல் டேங்க் மூடியின் மேல் விழுந்தது. அதன் மேல் குங்குமத்தை வைத்துவிட்டு எங்களை நிமிர்ந்து பார்த்தார். நாங்கள் எல்லோரும் கைதட்டாத குறைதான். அதற்குப் பிறகு அக்கா வண்டியைத் துடைக்கும்போதெல்லாம் அந்த மூடியை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் துடைப்பாள். நான் ஒரு முறை ஈரத்துணியை எடுத்துப் போனதற்கு, "அவரு வச்சதுடி, இருக்கட்டும்" என்று கையைத் தட்டிவிட்டாள்.

வண்டி படுத்த ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். ஆனால் யாரும் இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை. மழைக்காலம், பிளக்கில் தண்ணீர் போயிருக்கும் என்றார்கள். முத்தியால்பேட்டையில் எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் பிளக்கை மாற்றினார், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார், நிற்கும்போது எஞ்சின் அணையாதபடி ஐடிலிங்கைக் கூட்டி வைத்தார். அவர் கடை வாசலில் அந்த வண்டி காலை நீட்டித் தூங்கும் பூனையைப் போல ஒரே சீராகச் சத்தம் போட்டது. "ஓடற வண்டியில நான் எதைம்மா பாக்கறது?" என்று அவர் நியாயமாகத்தான் கேட்டார். கடைத்தெருவுக்குப் போனால் நிற்காது. வில்லியனூர் போய்வந்தாலும் பெரும்பாலும் நிற்காது. காலாப்பட்டுப் பாதையில், அதுவும் கோட்டக்குப்பம் பக்கம் வரும்போதுதான் கழுத்தறுக்கும். கோட்டக்குப்பம் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக் கணக்கு. "உன் வண்டிக்குப் பாண்டிச்சேரிய விட்டுத் தாண்டப் பிடிக்கல" என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும்.

ஏனென்றால் விடுதியில் அக்காவுக்குக் கடைசி எச்சரிக்கை கொடுத்தாயிற்று. இன்னொரு முறை அடுப்பு பற்றவைக்கத் தாமதமானால் வேறு ஆள் வரும் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். அந்த வேலை போனால் எங்கள் வீட்டில் உலை வைப்பதே பாடு. இது போதாதென்று மாமாவின் தம்பி, ஞாயிற்றுக்கிழமை வந்து வண்டியை எடுத்துப் போவதாகச் சொல்லியிருந்தார். மாமாவும் சரி என்றுவிட்டார். வண்டி நடுரோட்டில் நிற்கிறது என்று தம்பி சொல்லக் கேட்டதிலிருந்து, லாரிக்காரன் மோதிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவருக்கு. மாமாவிடம் நாங்கள் எதையும் விவரமாகச் சொல்வதில்லை. படுத்திருக்கும் மனிதரைப் போட்டு ஏன் குடைய வேண்டும் என்று, கேட்டால் "பரவால்ல, ஓடுது" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார்.

அந்த வாரம் அக்கா பேசியதே குறைவு. அவளுடைய விடுமுறை நாளன்று காலையில் பையில் ஸ்பேனர், பிளக் கழற்றும் குழாய், காலித் தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு, "வா, போலாம்" என்றாள். எங்கே என்றேன். "அது நிக்கற எடத்துக்கு. இன்னிக்கு அது நிக்காம நான் வூட்டுக்கு வரமாட்டேன்" என்றாள். வண்டி நிற்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே போய்ப் பழகியவளுக்கு, நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு போனது அன்றுதான்.

போகும் வழியில் டேங்கை நிரப்பினாள். பெட்ரோல் நிறைய இருந்தால் நிற்காது என்று ஆளாளுக்குச் சொன்னதைக் கேட்டு முன்பும் நிரப்பியிருக்கிறாள், அப்போதெல்லாம் இன்னும் சீக்கிரமாக நின்றிருக்கிறது. அது அவள் மனதில் உறுத்திக்கொண்டே இருந்ததாம். எதிர்பார்த்தபடியே கோட்டக்குப்பம் வரைகூடப் போகவில்லை. கருவடிக்குப்பத்திலேயே துடிப்பு தவறி, இருமி, நின்றது. அக்கா பையைத் திறப்பதற்குள் எதிர்வீட்டிலிருந்து ஒரு பெரியவர் வந்துவிட்டார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. வீட்டுச் செருப்பும் இஸ்திரி போட்ட சட்டையுமாக வந்தவர், "பெட்ரோல் இருக்குதாம்மா?" என்று கேட்டுக்கொண்டே சாவியைப் போட்டு மூடியைத் திறந்து, வண்டியை இரண்டு ஆட்டு ஆட்டி, உள்ளே எட்டிப் பார்த்தார். "ரொம்பி இருக்குதே. அடிச்சிப் பாரு" என்றார். ஒரே உதையில் வண்டி கிளம்பியது. அவர் கையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு நிம்மதி. அக்காவுக்கு வந்தது கோபம். "பாத்தியா? வர்றவன் எல்லாம் மொதல்ல இதத்தான் பண்றான்" என்றாள். உண்மைதான். எங்கள் ஊரில் நின்ற வண்டிக்கு உதவ வருகிறவர்கள் யாராக இருந்தாலும் முதலில் மூடியைத் திறந்து ஆட்டிப் பார்ப்பார்கள். மெக்கானிக்கும் அதைத்தான் செய்வார். நாங்களும் அதைத்தான் செய்தோம். பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்கும் சாக்கில் கோளாறு இருக்கிற இடத்தை எல்லோருமாகச் சேர்ந்து சரிசெய்துவிட்டு, கோளாறு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தோம். அக்கா அப்போது இப்படியெல்லாம் விளக்கவில்லை. "இனிமே நான் சொல்றவரைக்கும் மூடியில எவன் கையும் படக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.

பொம்மையார்பாளையம் தாண்டி ஒரு வேப்பமர நிழலில் வண்டி மறுபடி நின்றது. அக்கா பிளக்கைக் கழற்றி எஞ்சின் மேல் வைத்து, என்னைக் கிக்கரை உதைக்கச் சொன்னாள். பளிச்சென்று பொறி வந்தது. பிளக்கை மாட்டிவிட்டு, கார்புரேட்டருக்குப் போகும் பெட்ரோல் குழாயை உருவிப் பாட்டிலுக்குள் விட்டாள். டேங்கின் அடியிலிருந்த டேப் திறந்துதான் இருந்தது. நாலைந்து சொட்டு விழுந்தது. அவ்வளவுதான். தளும்பத் தளும்பப் பெட்ரோலை வைத்துக்கொண்டு டேங்க் எங்களுக்கு ஒரு சொட்டுத் தரவில்லை. உதவுவதற்காக ஒருவர் பைக்கை ஓரம் கட்டினார். "ஒண்ணுமில்லண்ணே, நீங்க போங்க" என்று அக்கா அவரைக் கிட்டே வரவே விடவில்லை. பிறகு மூடியைத் திறந்தாள். உஸ் என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டது. பாட்டிலில் பெட்ரோல் கொட்டியது. மூடினாள். ஒழுக்கு மெலிந்து மெலிந்து நின்றது. திறந்தாள், கொட்டியது. எனக்குப் புரிந்த பிறகும் அவள் விடாமல் மூடித் திறந்து பார்த்தாள். பல மாதங்களாகத் தன்னை ஏய்த்ததை அவ்வளவு சீக்கிரம் நம்பிவிட அவளுக்கு மனமில்லை.

"எண்ண டின்னுடி இது" என்றாள். விடுதியில் பெரிய எண்ணெய் டின்னைத் திறக்கும்போது ஒரு ஓட்டை போட்டால் எண்ணெய் சரியாக இறங்காது. காற்று உள்ளே போக இன்னொரு ஓட்டை போடுவார்கள். அவள் தினமும் செய்கிற வேலை. டேங்குக்கும் அந்த இரண்டாவது ஓட்டை எங்கேயோ இருக்க வேண்டும் அல்லவா? கடைத்தெரு தூரத்துக்கு உள்ளே இருக்கிற காற்றே போதும், காலாப்பட்டுக்குப் போதாது; டேங்கை நிரப்பினால் காற்றுக்கு இடமும் குறைவு, இன்னும் சீக்கிரம் நிற்கும். இருவரும் மூடியைத் திருப்பிப் பார்த்தோம். மேல்பக்கத்தில், சாவி போகும் வழியைத் தவிர மற்ற சந்தெல்லாம் காய்ந்து கல்லாகிப் போன சந்தனம். அக்கா தாலிச் சரட்டில் கோத்து வைத்திருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே சுரண்ட ஆரம்பித்தாள். மஞ்சள் தூள் உதிர்ந்துகொண்டே இருந்தது. வாயை வைத்து ஊதியபோது காற்று மறுபக்கம் வந்தது.

காலாப்பட்டுக்குப் போய்த் திரும்பி, மறுபடியும் ஒரு முறை போய்வந்தோம். எந்த சிக்னலிலும் துடிப்பு தவறவில்லை. திரும்பும் வழியில் எனக்கு ஒரே கவலைதான். "மாமாகிட்ட தூசு அடைச்சிருந்திச்சின்னு சொல்லிடுக்கா" என்றேன். அவள் ஆக்சிலேட்டரை முறுக்கினாள். நான் சொன்னதை ஏற்றுக்கொண்டாள் என்றே நினைத்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மாமா சுவரைப் பார்த்தபடியே கேட்டார், "இன்னாவாம்?" அக்கா பையைக் கீழே போட்டாள். "ஆங், இன்னாவாம்! நீங்க அப்பி வச்சீங்களே சந்தனம், அதாங்க. மூடி ஓட்டைய அடச்சிகினு என்ன நடுரோட்டுல நிக்க வச்சிது. கொஞ்சமா வச்சா சாமி கோச்சிக்குமா?" நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் விழுந்ததிலிருந்து அந்த வீட்டில் யாரும் அவரை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. எல்லோரும் குழந்தையிடம் பேசுவதைப் போலத்தான் பேசினோம்.

மாமா இடது கையை ஊன்றிப் புரண்டு திரும்பினார். முகம் சிவந்திருந்தது. "மூடியில ஓட்ட இருக்குதுன்னு எனக்குத் தெரியாதா? ஓடி ஓடி நிக்குதுன்னு ஒருத்தியாவது வந்து சொன்னீங்களா? பரவால்ல ஓடுது, பரவால்ல ஓடுது! கேட்டிருந்தா படுத்துகினே சொல்லியிருப்பேன்" என்று குழறிக் குழறிக் கத்தினார். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைப்பது கேட்டது. அத்தனை நாளில் அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள். "செரி, இப்ப கேக்கறேன். பின்னாடி பிரேக்கு கீச்சுன்னு கத்துது. அதுக்கு இன்னா பண்றது, சொல்லுங்க" என்றாள்.

மாமா என்னைப் பார்த்துப் போனை எடுத்துத் தரச் சொன்னார். இடது கட்டைவிரலால் தட்டுத்தடுமாறித் தம்பியின் எண்ணைத் தேடி அவரே அழைத்தார். "ஞாயித்துக்கெழம வராத" என்றார். "வண்டி வேலையா இருக்குது." வைத்துவிட்டு அக்காவின் பக்கம் திரும்பி, "வண்டிய வாசப்படிகிட்ட தள்ளிகினு வா, சத்தத்தக் கேக்கணும்" என்று அதட்டினார். அக்கா போனாள்.