ஆடிக் காற்றில் அளந்த வாசல்

பிள்ளைகளே, வீட்டு முன்னால் ஆள் உட்காரப் பலகை போட யாரிடமாவது உத்தரவு கேட்க வேண்டுமா, வேண்டாமா என்று தெரியாமல் நான் பட்ட பாட்டை எழுதி வைக்கிறேன். நான் படித்தது நாலாவது வரைக்கும்தான். சட்டம் எனக்குத் தெரியாது. பயந்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

அப்போது போடியில் நமக்கு ஒரே அறை உள்ள ஓட்டு வீடு. மலை மெட்டுப் பாதையில் பொதிமாடுகளில் இறங்கும் ஏலக்காயை வியாபாரி மூட்டை மூட்டையாக என்னிடம் அனுப்புவார். ஐந்து பெண்கள் அந்த அறையில் முறத்தோடு உட்கார்ந்து காம்பு கிள்ளி, பெரிசு சிறிசு பிரிப்பார்கள். உங்கள் அம்மாவுக்கு அது ஏழாம் மாதம். வயிற்றில் உங்களில் மூத்தவள். ஏலக்காய் வாடை அவளுக்கு ஆகவில்லை. சாப்பிட்டது எதுவும் தங்காது. தாய்வீட்டில் பார்க்க ஆளில்லை என்று அவள் அக்காள், உங்கள் பெரியம்மா, துணைக்கு வந்திருந்தார்.

ஒருநாள் அவர் சொல்லிவிட்டார்: "தம்பி, இந்த மூட்டையும் ஆளும் வெளிய போகணும். இல்லேன்னா இவளை எங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். மாட்டு வண்டியில எட்டு மைல். வழியில என்ன ஆனாலும் என்னைக் கேக்கக் கூடாது."

அந்த எட்டு மைலை நினைத்துத்தான் வேலையில் இறங்கினேன். எங்கள் தெரு வழக்கப்படி, ஓட்டுத் தண்ணீர் சொட்டும் கோடு வரைக்கும் வீட்டுக்காரன் பாத்தியதை; அதற்கு அப்பால் தெரு. சாரல் பெய்துகொண்டிருந்தது. சொட்டு விழுந்த இடத்தில் முளை அடித்தேன். முளைக்கு முளை கால் நட்டு, இடுப்பு உயரத்தில் பலகை பரப்பி, முன்னால் ஓலைத் தட்டி கட்டினேன். மூட்டைகளைப் பலகைக்கு அடியில் அடுக்கினேன்; மேலே பெண்கள் ஐவரும் தாராளமாக உட்கார்ந்தார்கள். வீட்டுக்குள் வாடை குறைந்தது.

மூன்றாம் நாள் எதிர்வீட்டு மாமா வந்து பலகையைத் தட்டிப் பார்த்தார்.

"மாப்ளே, யூனியன்ல உத்தரவு வாங்கியாச்சா?"

"நம்ம ஓட்டுக்குள்ளதானே மாமா?"

"அது உனக்குத் தெரியும். காலைப் பிடுங்க வர்றவனுக்குத் தெரியணுமே!"

அதிலிருந்து தெருவில் யார் குடை பிடித்து வந்தாலும் ஆபீஸ் ஆளோ என்று எட்டிப் பார்ப்பேன். காலைப் பிடுங்கினால் மூட்டை உள்ளே வரும்; உங்கள் அம்மா வண்டி ஏறுவாள். தாங்காமல் நானே, ஊர்த் தெருக்களைக் கவனிக்கும் யூனியன் ஆபீசுக்குப் போனேன். குமாஸ்தா வயதானவர், பொறுமையாகக் கேட்டார்.

"தண்ணி விழுற கோட்டுக்குள்ள இருந்தா மனு வேண்டாம் அப்பு. தாண்டினா மனு, பார்வை, உத்தரவு எல்லாம் வேணும். தாண்டலையே?"

"இல்லைங்க. சொட்டுப் பார்த்துத்தான் முளை அடிச்சேன்."

"எப்ப?"

"போன வாரம்."

"ஆடியிலயா? வாசல் எந்தப் பக்கம்?"

"கிழக்கு."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "மலைக்காத்து பின்னால இருந்து சொட்டைத் தள்ளும்போது அளந்தா, உன் வீடு சந்தை வரைக்கும் போகுமே! காத்து அடங்கின நேரத்துல ஓட்டுல ஒரு குடம் தண்ணி ஊத்திப் பாரு. திங்கக்கிழமை, தெரு பார்வையிடுற எங்க மேஸ்திரி உங்க தெருவுக்கு வர்றாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் விடியலில் காற்று கொஞ்சம் நின்றது. பெரியம்மா ஏணியைப் பிடித்துக்கொள்ள, நான் ஏறி ஊற்றினேன். தண்ணீர் நேராகப் பலகையின் நடுவில் விழுந்தது. கால்கள் ஒரு முழம் தெருவில் நின்றன. நானே தெருவைத் திருடியவன் போல ஆகிவிட்டேன். அன்றே காலைப் பிடுங்கி உள்ளே தள்ளி நட்டு, பலகையை அறுத்தேன்.

வேலைக்கு வந்த பெண்களில் ஒருத்தி பார்த்துவிட்டு, "அண்ணே, எனக்கு ஒரு பக்கம் உக்காரத்தான் இடமிருக்கு. மறுபக்கத்தைத் தெருவுல தொங்க விடவா?" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். மூன்று பேருக்குத்தான் இடம். இரண்டு பேரை, காயை அவரவர் வீட்டிலேயே வைத்துப் பொறுக்கச் சொன்னேன்.

திங்கட்கிழமை மேஸ்திரி வந்தார். அவரே குடம் கொண்டுவரச் சொல்லி, என்னை ஓட்டில் ஊற்றச் சொன்னார். காற்று லேசாக அசைந்தபோது என் உயிர் போய் வந்தது. தண்ணீர் காலுக்கு இரண்டு விரல் வெளியே விழுந்தது. குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார்.

"சரி, இருக்கட்டும்."

"ஒரு எழுத்துக் கொடுத்தீங்கன்னா..."

"உத்தரவே வேண்டாங்கிறதுக்கு என்னத்தை எழுதுறது?" என்று குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

கையில் காகிதம் இல்லாததால் என் பயம் முழுதும் தீரவில்லை. நாளைக்கு வேறு மேஸ்திரி வந்தால்? கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்ட உங்கள் அம்மா, "போயிட்டாரா?" என்றாள். தலையாட்டினேன். பெரியம்மா சாணத்தைக் கரைத்து எடுத்து வந்து, மூட்டை கிடந்த மூலையை மெழுக ஆரம்பித்தார். பிரசவம் இங்கேதான் என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.