அண்ணன் அறியாமல் விழுந்த நாள்

அண்ணனைத் தெரிந்தவர்களே இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கிறீர்கள். ஆகவே அவருடைய குணங்களை நான் வரிசைப்படுத்தத் தேவையில்லை. அவர் நம்மைவிட்டுப் பிரிந்து இந்த ஆவணியோடு ஓராண்டு நிறைகிறது. நாளையும் கிழமையையும் குறித்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு என்பதால், எழுதும் பொறுப்பை அண்ணி என்னிடம் கொடுத்தார். ஒன்றை மட்டும் மறைக்காமல் எழுதும்படி கேட்டுக்கொண்டதும் அவரே.

அண்ணன் 1962ஆம் ஆண்டு தை மாதம் தாராபுரத்தில் பிறந்தார். அப்பாவுக்குக் கோவையில் பஞ்சாலை வேலை கிடைத்ததும் சிங்காநல்லூருக்குக் குடிவந்தோம். அப்பா 1978இல் காலமானார். பத்தாம் வகுப்பு முடித்திருந்த அண்ணன் அதே ஆலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டருக்கு உதவியாளராகச் சேர்ந்தார். நான் கல்லூரிக்குப் போனதும் அம்மா கடைசிவரை நிம்மதியாக இருந்ததும் அவரால்தான்.

ஆலையில் குத்துச்சண்டை அணி ஒன்று இருந்தது. ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்து ஆலையில் காவல் பணி பார்த்த ஒருவர் அதற்குப் பயிற்சியாளர். எல்லோருக்கும் அவர் 'மாஸ்டர்'. 1980இல் அண்ணன் அவரிடம் சேர்ந்தார். கால் வேகமோ கை நுட்பமோ அண்ணனிடம் அதிகம் இல்லை. அவருடைய பலமே தாங்குவதுதான். "அவன் அடிச்சு அடிச்சுக் களைச்சுப் போகட்டுமுங்க. அப்புறமா நாம ஆரம்பிச்சுக்கலாம்" என்பார். தொழிலாளர்கள் அவருக்குப் 'பட்டறைக்கல்' என்று பெயர் வைத்தார்கள். பதினோரு ஆண்டுகளில் தோற்றிருக்கிறார், விழுந்ததில்லை.

1991ஆம் ஆண்டு ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை மாலை. கோவையில் திறந்த மைதானத்தில் மேடை போட்டிருந்தார்கள். பாலக்காட்டுக் கணவாய்ச் சாரல் விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. எதிரில் சென்னையிலிருந்து வந்த இளைஞர். இரண்டாவது சுற்றின் நடுவில் அவருடைய வலது கை அண்ணனின் தாடையில் இறங்கியது. விழுகிறவன் தன்னையறியாமல் கையை ஊன்றுவான். அண்ணன் ஊன்றவில்லை. முகம்தான் முதலில் தரையைத் தொட்டது. நடுவர் பத்து எண்ணி முடித்தபோதும் அவர் அசையவில்லை. ஏழு நிமிடம் கண் திறக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மருத்துவமனையில் நினைவு திரும்பியதும் அண்ணன் கேட்டார்: "என்னாச்சுங்க மாஸ்டர்? செயிச்சுட்டனா?"

முதல் சுற்றுக்குப் பிறகு எதுவுமே அவர் நினைவில் இல்லை. மாஸ்டர் என்னைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். பிறகு அண்ணனின் கையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "ஈரத்துல வழுக்கிருச்சு கண்ணு. தலையில லேசா அடி. அதான் நிறுத்திப் போட்டாங்க. மத்தபடி நீதான் முன்னால இருந்தே."

நம் ஊர்க்காரர்களைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. இந்த மலருக்கு வெளியூர் வாசகர்கள் மிகக் குறைவு. ஒருவர் மனம் நோகும் சொல்லை அவர் முகத்துக்கு நேரே சொல்ல நமக்கு வராது. யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. ஆனாலும் மறு வாரம் அண்ணன் ஆலைக்குப் போனபோது வாயிற்காவலர் முதல் காண்டீன் அக்கா வரை, "வழுக்கிருச்சாமுங்களே, பாத்துப் போகப்படாதுங்களா?" என்றே விசாரித்தார்கள். போட்டியை நேரில் பார்த்தவர்களும் அதையே கேட்டார்கள். நானும் "ஆமாங்ண்ணா" என்றேன். என் நாட்குறிப்பில் மட்டும் நடந்ததை எழுதிவைத்தேன்.

மருத்துவர் சொன்ன ஓய்வு முடிந்து அண்ணன் மீண்டும் மேடை ஏறினார். அப்போதுதான் நாங்கள் செய்தது என்னவென்று தெரியத் தொடங்கியது. அவருக்கு நினைவில்லாததை அவர் உடம்பு நினைவில் வைத்திருந்தது. எதிராளியின் வலது தோள் அசைந்தாலே கண்ணை மூடிக்கொண்டார். பின்னால் நகர்ந்து கயிற்றில் சாய்ந்தார். ஈரோட்டில் முன்பு எளிதாக வென்ற ஒருவரிடம் தோற்றார், சேலத்தில் இன்னொருவரிடம். சேலத்தில் கூட்டத்திலிருந்து ஒருவர், "ஏனுங்க பட்டறைக்கல்லு, கயித்தத் தாண்டி ஊட்டுக்கே போயிருவீங்களாட்ட இருக்குதே!" என்று கத்தினார். கூட்டம் சிரித்தது.

திரும்பும்போது பேருந்தில் என்னிடம் மெல்லச் சொன்னார்: "எனக்குப் பயமா இருக்குதுடா. எதுக்குன்னே தெரியல. அடி வாங்கி ஓடுனவன்னா சரி, ஒரு காரணமிருக்கும். ஈரத்துல வழுக்குனதுக்கா ஒருத்தன் இப்படிப் பயப்படுவான்? நான் முதல்ல இருந்தே பயந்தாங்கொள்ளிதானோ என்னமோ."

அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதன் பிறகு அண்ணன் சிரிப்பது குறைந்தது. ஆலையில் பழைய வெற்றிகளை யாராவது எடுத்தால் எழுந்து போய்விடுவார். இரண்டு ஆண்டுகள் இப்படிப் போயின.

1993 மார்கழியில் மீண்டும் கோவையில் போட்டி. அந்தச் சென்னை இளைஞரும் வந்திருந்தார். எடை பார்க்கும் இடத்தில் அண்ணனைக் கண்டதும் ஓடிவந்து இரு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, நல்லாக்கீறியா? அன்னிக்கு நான் அழுதுட்டேன், தெரியுமா? ஏழு நிமிசம் நீ கண்ணையே தொறக்கல. செத்துட்டியோன்னு பயந்து போய்ட்டேன்ணே. ஒரு மாசம் எனக்குச் சோறு எறங்கல."

மாஸ்டர் இடையில் புகுந்து, "அதில்லீங்க தம்பி, அன்னைக்கு ஈரம்…" என்று தொடங்கினார்.

"இன்னா ஈரம்? நான் வுட்ட குத்து சார் அது!"

 அண்ணன் என் பக்கம் திரும்பினார். "நீ எழுதி வச்சிருப்பியே. என்ன எழுதுனே?"

மனப்பாடமாக இருந்ததைச் சொன்னேன். முகம் தரையில் பட்டதையும் சொன்னேன். மாஸ்டர் தலை குனிந்து நின்றார். அண்ணன் கோபப்படுவார் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். அவரோ பெருமூச்சு விட்டுவிட்டு, "அப்ப இத்தன நாளா நான் காரணத்தோடதான் பயந்திருக்கறனுங்க, மாஸ்டர்!" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நாங்கள் கேட்டு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

அதன் பிறகு ஓராண்டுதான் ஆடினார். பழைய பட்டறைக்கல் திரும்பி வரவில்லை. வர வேண்டும் என்று அவரும் விரும்பவில்லை. தாடையை மறைத்து, விலகி, அளந்து ஆடக் கற்றுக்கொண்டார். இரண்டு வெற்றி, மூன்று தோல்வி. 1994 கார்த்திகையில் கடைசிப் போட்டி. மூன்றாவது சுற்றில் அடி பலமாக விழுந்தபோது தானாகவே ஒரு முழங்காலை ஊன்றினார். நடுவர் எட்டு எண்ணும்வரை அமைதியாக மூச்சு வாங்கிவிட்டு எழுந்தார். புள்ளிகளில் தோற்று இறங்கியதும், "இந்தத் தடவ விழுந்தது எனக்கே தெரியுமுங்க" என்று மாஸ்டரிடம் பெருமையாகச் சொன்னார்.

1998 ஆனியில் மஞ்சள் காமாலை வந்தது. கல்லீரல் முன்பே பழுதாகியிருந்ததாகச் சொன்னார்கள். குத்துச்சண்டைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று மருத்துவர் இருமுறை உறுதியாகக் கூறினார். நான் இருமுறை கேட்டதால். பார்க்க வந்தவர்கள் எல்லோரும், "தெளிவாத்தான் இருக்கறீங்க. அடுத்த வாரம் ஊட்டுக்குப் போயிரலாமுங்க" என்றார்கள். அண்ணனும் அவர்கள் மனம் நோகாமல் "செரிங்க" என்று தலையாட்டினார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அண்ணியும் நானும் மட்டும் இருந்தபோது கேட்டார்: "டாக்டர் உங்கட்ட என்ன சொன்னாரு?"

அண்ணி என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கட்டிலருகே அமர்ந்து, "இனி மருந்து கேக்காதுன்னு சொல்லிட்டாருங்க" என்றார். குரல் உடையாமல் சொன்னார்.

அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "பயமாத்தான் இருக்குது அம்மணி. ஆனா எதுக்குன்னு தெரியுதில்ல, அது போதும்" என்றார். அதன் பின் பதினோரு நாட்கள் இருந்தார். பார்க்க வேண்டியவர்களை எல்லாம் பெயர் சொல்லி அழைத்துவரச் சொன்னார்.

அந்த நாட்களில் இரத்தம் கொடுத்த ஆலைத் தோழர்களுக்கும், தொண்டாமுத்தூரிலிருந்து தினமும் இளநீர் கொண்டுவந்த மச்சானுக்கும், முறைவைத்து உடனிருந்த அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மாஸ்டர் தன்னை மன்னிக்கும்படி அண்ணனிடம் கேட்டார். "பிரியத்துலதானுங்களே சொன்னீங்க" என்ற அண்ணனின் பதிலை இங்கே பதிவு செய்யச் சொல்லி மாஸ்டரே கேட்டுக்கொண்டார். சேதி கேட்டதும் சென்னையிலிருந்து ரயிலேறி வந்து, பாடைத் தேர் தூக்கியபோது முன் தோள் கொடுத்த அந்தக் குத்துச்சண்டை நண்பருக்கு என்ன சொல்லி நன்றி கூறுவதென்று எங்களுக்குத் தெரியவில்லை. அண்ணனுக்கு அண்ணனையே திருப்பிக் கொடுத்தவர் அவர்.