அவள் காதைத் தொடவில்லை

நான் அந்தப் போட்டிக்குப் போனதே ஏமாற்றி ஜெயிக்கத்தான். தொண்ணூறுகளில் ஒரு டி.வி. நிகழ்ச்சிக்காகப் பீளமேட்டுக் கல்லூரி ஒன்றில் படப்பிடிப்பு நடந்தது. கணவனும் மனைவியும் ஓர் அணி. அட்டையிலுள்ள வார்த்தையைச் சொல்லாமல் ஒருவர் குறிப்பு கொடுக்க, மற்றவர் ஒரு நிமிடத்துக்குள் கண்டுபிடிக்க வேண்டும். முதலெழுத்தையும் சொல்லக் கூடாது.

அதற்குத்தான் என் திட்டம். காதைத் தொட்டால் ‘க’, மூக்கைத் தொட்டால் ‘ம’. பெருந்துறையில் எங்கள் வீட்டில் ஒரு வாரம் என் மனைவி சரஸ்வதியை உட்காரவிடாமல் பழக்கினேன். முதல் இரண்டு சுற்றுகளில் திட்டம் பலித்தது.

கடைசி அட்டையைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

“எனக்குப் பிடிச்ச பூவுங்க.”

நான் அவள் கைகளையே பார்த்தேன். அவை மடியை விட்டு எழவில்லை.

“மல்லி! ரோஜா! முல்லை!”

“இல்லீங்க. நம்ம கல்யாணத்தன்னிக்கும் அதுதானுங்க வெச்சிருந்தேன்.”

“தாமரை!”

அரங்கமே சிரித்தது. மணி அடித்தது. தொகுப்பாளர் அட்டையைத் திருப்பிக் காட்டினார்: கனகாம்பரம்.

திரும்பும் பஸ்ஸில் பொரிந்து தள்ளினேன். “காதைத் தொட மறந்துபோட்டியா?”

“மறக்கலீங்க. இதுக்குமாங்க சைகை வேணும்?” என்றவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

காலையில் வைத்த கனகாம்பரம் அவள் பின்னலில் வாடாமல் இருந்தது. எங்கே போனாலும் அவளுக்கு முன்னால் விடுவிடுவென்று நடந்தே ஒன்பது வருஷம் பழகியவன் நான். அந்தப் பின்னலை அன்றைக்குத்தான் பார்த்தேன்.