மருதாணி அறியாத கேமரா

இந்த ஊரில் ஒருவரை ஒருவர் தொட்டுப் பேசுவது குறைவு. தினமும் காலையில் நான் தொடுகிற முதல் தோல், மனிதத் தோல் அல்ல. நெதர்லாந்தில் என் ஆய்வகத்து மேசையில், சிலிகானில் வெள்ளைப் பொடியும் மையும் கலந்து வார்த்த கட்டிகள் காத்திருக்கும். உள்ளே புகுந்த ஒளியை நம் சதையைப் போலவே சிதறடிக்கும். தொட்டால் ஜில்லென்றிருக்கும். பழகிவிட்டது என்று சொன்னால் பொய்.

என் வேலை ஒரு கேமராவைச் சோதிப்பது. கோடு கோடாக ஒளியைப் பாய்ச்சிக் கண்ணிமைக்கும் நேரத்தில் படமெடுத்து, திரும்பி வரும் ஒளியின் நிறத்தை வைத்துத் தோலுக்கடியில் ரத்தம் ஓடுகிறதா என்று அது சொல்லும். பழைய கருவி அதையே புள்ளி புள்ளியாக, ஆற அமர, இன்னும் ஆழத்தில் அளக்கும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பேன். கட்டிகளில் எப்போதும் ஒத்துப்போகும். அதே மாதிரிக் கேமரா ஒன்று திருச்சி மருத்துவமனை ஒன்றுக்கும் போயிருந்தது. எங்கள் ஊர் மணமேல்குடியில் காலில் சர்க்கரைப் புண்ணோடு கிடந்த அத்தாவை, என் அப்பாவை, அங்கே கூட்டிப்போகச் சொன்னதே நான்தான். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

பெருநாளுக்கு மருதாணி வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். உடன் வேலை பார்க்கும் மார்லீன், "கழுவினால் போகாதா?" என்று கேட்டாள். சில வாரம் ஆகும் என்றேன். ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்தாளோ என்னவோ, அனுதாபமாகத் தோளைத் தட்டினாள். சிரிப்பு வந்தது. அதே சிரிப்போடு, விளையாட்டாய்க் கையைக் கேமராவுக்கு அடியில் நீட்டினேன்.

திரையில் வந்தது பிணத்தின் கை. விரல்நுனிகளில் உயிருள்ள ரத்தமே இல்லை என்றது கேமரா. பழைய கருவியில் வைத்தேன். ரத்தம் நன்றாக ஓடுகிறது என்றது. மருதாணிச் சாயத்தைக் கேமரா சாவு என்று படித்திருக்கிறது. எங்கள் கட்டிகள் ஒன்றிலும் மருதாணி கிடையாது. எங்கள் பக்கத்தில் பாதம் எரிந்தால் மருதாணி அரைத்துப் பூசுவார்கள். அது நினைவுக்கு வந்தது. கையை மறுபடி கேமராவுக்கு அடியில் வைத்தபடியே அம்மாவை வீடியோவில் அழைத்தேன்.

"அத்தா காலுக்கு மருதாணி போட்டீங்களா?"

"ஆமா, போன வாரம் முச்சூடும் எரியுதுன்னு கெடந்தாக. அரைச்சுப் போட்டேன். ஏம்மா?"

"படம் எடுத்துட்டாங்களா?"

"காலையிலயே எடுத்தாச்சு. ரெண்டு வெரல் செத்துப்போச்சாம். நாளைக்கு எடுத்துரணும்ங்கிறாக. கையெழுத்துப் போடத்தான் போறேன்."

"போடாதீங்கம்மா! அந்தப் படம் பொய்."

"ஒன் மிஷினுதானம்மா? அத நம்பித்தான அத்தா சரின்னாக."

போனை டாக்டரிடம் கொடுக்கச் சொன்னேன். அவரிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். வேறு முறையில் பார்க்கும்வரை நிறுத்திவைப்பதாகச் சொன்னார். அம்மா வீடியோவை அத்தாவின் காலுக்குத் திருப்பினாள்.

"அத்தா, வெரல அசைங்க," என்றேன்.

சிவந்த விரல்கள் மெல்ல அசைந்தன. அழுதுகொண்டே நிமிர்ந்தேன். எதிரே கேமராவின் திரையில், என் கையின் செத்த விரல்களும் நான் சொல்லாமலே அசைந்துகொண்டிருந்தன.