கூடாரத்துக்குள் வந்த இன்னொரு ஏட்டு

திருடன் படம் பார்க்கப் போகிறவன் சைக்கிளையாவது பூட்டிவிட்டுப் போக வேண்டும். எனக்கு அந்தப் புத்தி இல்லை. அதுவும் மாமனாரிடம் இரவல் வாங்கிய சைக்கிள்.

சாயல்குடியில் கூடாரம் போட்டு நடந்த சினிமா அது. ஒரு சின்ன ஊர்த் திருடனும், அவனைத் துரத்தும் ஏட்டும்தான் கதை. திருடனாக நடித்தவர் பூனை மாதிரி நடந்தே கைதட்டல் வாங்கினார். ஏட்டாக வந்தவரோ அந்தத் திருடனிடமே, "இந்தப் பக்கம் திருடன் போனானா?" என்று கேட்டு, சலாமும் வைத்து அனுப்பினார். நாங்கள் மணலில் உருண்டு சிரித்தோம்.

ரீல் மாற்ற விளக்கைப் போட்டார்கள். வாசல் காவலுக்கு வந்திருந்த நிஜ ஏட்டு உள்ளே நுழைந்தார். ஒல்லியான ஆள், அரைக்கால் சட்டை தொளதொளவென்று ஆடியது. ஓர் இடத்தில் நிற்காமல், இரண்டு விரலால் தொப்பியை அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டே கேட்டார்.

"வெளியில பூட்டாத சைக்கிள் நிக்கிது. யாருது?"

கூடாரமே அதிர்ந்தது. "அந்தத் திருடன்ட்டயே கேளுங்க, ஏட்டய்யா!" என்று கத்தியவன் நான்தான். சிரித்த சிரிப்பில் என் சைக்கிள் நினைப்பே வரவில்லை. படத்து ஏட்டைவிட இவர் நடிப்பு பிரமாதம் என்று பக்கத்து ஆளிடம் வேறு சொன்னேன். ஏட்டு இன்னொரு தடவை கேட்டார். சிரிப்பு கூடியது. வெளியேறிவிட்டார்.

ஆட்டம் முடிந்து வந்தால் சைக்கிளைக் காணோம். மாமனார் முகத்தில் எப்படி விழிப்பது? வாசலில் நின்ற ஏட்டிடம் ஓடினேன்.

"ஏட்டய்யா, அது என் சைக்கிளு! ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேன், சிரிச்சீக."