குறையாத எண்ணெய்

காலை ஆறரைக்கு எங்கள் குடியிருப்பின் அடித்தளத்து வண்டி நிறுத்துமிடத்தில் தராசு சார் காரின் பானெட்டைத் தூக்கி நிறுத்தியிருப்பார். இடது கையில் கிழிந்த பனியன் துணி. வலது கையால் எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவித் துடைப்பார், செருகுவார், மறுபடி உருவுவார். பிறகு குழல்விளக்குக்கு நேரே அதைப் படுக்கைவாட்டில் பிடிப்பார். கம்பியின் நுனியில் இரண்டு புள்ளிகள் உண்டு. எண்ணெய் அந்த இரண்டுக்கும் நடுவே நிற்க வேண்டும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒற்றைக் கண்ணால் பார்த்து, "குறையலை" என்பார். பக்கத்தில் ஆள் இல்லாவிட்டாலும் சத்தமாகத்தான் சொல்வார்.

அடுத்த அளவு மூன்றாம் மாடியில். கட்டிலோரத்தில் ஓர் எடை இயந்திரம் இருக்கும். மனைவியைத் தோள் கொடுத்து எழுப்பி அதன்மேல் நிறுத்துவார். அந்த அம்மாளால் குனிந்து எண்ணைப் பார்க்க முடியாது. "பாஸா, ஃபெயிலா?" என்று சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்பார். "ஐம்பத்திரண்டு. பாஸ்" என்பார் இவர். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் காபி.

முப்பத்தொரு வருடம் எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்தவர். கடைகடையாக ஏறி இறங்கி, தராசுத் தட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் காந்தத்தையும், அடியில் தகடு வைத்த லிட்டர் குவளையையும் கண்டுபிடித்தவர். பெட்ரோல் பங்க் குழாயில் ஐந்து லிட்டருக்கு ஒரு டம்ளர் குறைந்தாலும் பூட்டுப் போட்டுவிடுவாராம். அதனால்தான் குடியிருப்பில் அவர் பெயர் தராசு சார். "என்னையும் நிறுத்துப் பாத்துட்டுத்தான் கட்டிக்கிட்டாரு" என்று அந்த அம்மாள் சொல்லிச் சிரிப்பார். தொழிலைப் பற்றி அவரிடம் கேட்டால் ஒரே பதில்தான் வரும். "குறைச்சுக் குடுத்தாத்தான் தம்பி திருட்டு. கூடக் குடுத்தவன் மேல எவன் கேஸ் போடுவான்?"

அந்த அம்மாளின் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டு நாலு வருடமாகிறது. வாரம் மூன்று நாள், காலை எட்டு மணிக்கு, ரத்தம் சுத்திகரிக்கும் மையத்தில் அவருக்கு ஒரு நாற்காலி. அரை மணி தாமதமானால் நாற்காலி அடுத்த ஆளுக்குப் போய்விடும். மையம் வீட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர்கூட இல்லை. அந்தக் குறைந்த தூரம்தான் வினையாக வந்தது. வாடகைக் காரை அழைத்தால், போகுமிடத்தைப் பார்த்ததும் ஓட்டுநர் சவாரியைத் தட்டிக்கழித்துவிடுவார். மூன்று பேர் கைவிட்டு நாலாவது ஆள் வருவதற்குள் மணி எட்டேகால் ஆகியிருக்கும். வண்டி நேரத்துக்குப் போனால் உயிர், போகாவிட்டால் இல்லை. அதனால்தான் ஓய்வுக்காலத் தொகையைப் பிரித்து ஒரு கார் வாங்க முடிவு செய்தார்.

வாங்குவதற்கு முன் என் உயிரை எடுத்துவிட்டார். என்னிடம் இருந்தது சற்று உயரமான சின்ன கிராஸோவர் கார். அதே உடம்பில் இரண்டு எஞ்சின் விற்றார்கள், காற்றை அழுத்தி உள்ளே தள்ளி வலுவைக் கூட்டும் டர்போ உள்ளதும் இல்லாததும். என்னுடையது இல்லாதது. நாடாவோடு வந்து இருக்கையின் உயரத்தை அளந்தார். வீட்டில் சக்கர நாற்காலியின் உயரத்தையும் அளந்தார். இரண்டுக்கும் இரண்டு விரல் வித்தியாசம். "குனியாம நகந்து உக்காந்துக்கலாம்" என்று குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். எந்த எஞ்சின் என்பதில் மட்டும் மூன்று மாதம் ஓடியது. டர்போவுக்கு விலை அதிகம், எண்ணெய் தனி ரகம், கெட்டால் கையைக் கடிக்கும். இதெல்லாம் அவர் எனக்குச் சொன்னவைதான். "டர்போ வேணாம் தம்பி. உங்க வண்டியே போதும்" என்று அடித்துச் சொல்லிவிட்டுத்தான் மனைவியையும் கூட்டிக்கொண்டு விற்பனைக் கூடத்துக்குப் போனார்.

முதலில் சாதாரண எஞ்சின் வண்டியை ஓட்டிக் காட்டினார்கள். மேட்டில் அது முக்கி முனகி ஏறியது, அந்த அம்மாள் கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டார். அடுத்து டர்போ. அது அதே மேட்டில் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு ஏறியது. "யாரோ முதுகுல கை வச்சுத் தள்ளிவிடுற மாதிரி இருக்குங்க" என்றார் அந்த அம்மாள். நோய் வந்ததிலிருந்து எந்தப் படியையும் தனியாக ஏறாதவர். மூன்று மாதத்து யோசனை அந்த இடத்திலேயே முடிந்தது. வண்டி வீட்டுக்கு வந்த அன்று என்னிடம், "அவ கேட்டா தம்பி" என்று மட்டும் சொன்னார்.

வண்டி போய்வந்தது மையத்துக்கு மட்டும்தான். ஒன்றரை கிலோமீட்டர் போகும், நாலு மணி நேரம் வாசலில் நிற்கும், ஒன்றரை கிலோமீட்டர் திரும்பும். எஞ்சினுக்கு உடம்பு சூடேறுவதற்குள் சாவியைத் திருப்பி அணைத்துவிடுவார். நெடுஞ்சாலையை அந்த வண்டி கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆனால் பராமரிப்பில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்.

இரண்டாம் வருட நடுவில் ஒரு நாள் என்னைக் கைதட்டி அழைத்தார். எண்ணெய் மேல்புள்ளியைத் தொட்டிருந்தது. அடுத்த மாதம் புள்ளியைத் தாண்டியது. அதற்கடுத்த மாதம் இன்னும் ஒரு நூல். "உங்க வண்டி எண்ணெய் குடிக்குது. என் வண்டி குட்டி போடுது!" என்றார். நான் சிரித்தேன். சிரித்ததோடு விடாமல், "ஒரு குட்டிய எனக்கும் குடுங்க சார்" என்று வேறு சொன்னேன். அந்த நாட்களில் அடித்தளத்தில் லேசாகப் பெட்ரோல் வாடை அடிக்கும். யாரோ ஒருவருடைய ஸ்கூட்டர் ஒழுகுகிறது என்று நினைத்துக்கொண்டேன். என் மூக்குக்கு அதற்குமேல் அக்கறை இல்லை.

வருடாந்தர எண்ணெய் மாற்றத்துக்குப் பணிமனையிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டார்கள். இவர் போகவில்லை. "மேல்புள்ளிக்கு மேல நிக்குது. நல்லா இருக்கிறதை வடிச்சுக் கீழ ஊத்திட்டு புதுசு ஊத்தணுமாம். எந்த ஊரு நியாயம் இது?" பொய் சொல்லிக் காசு பறிக்கும் வியாபாரிகளை முப்பத்தொரு வருடம் பார்த்தவர். இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்.

இதே சமயத்தில் மையத்தில் இருக்கும் செவிலி அவரிடம் ஒன்று சொன்னாள். நான் துணைக்குப் போயிருந்த நாள் அது. "எடைய மட்டும் நம்பாதீங்க சார். சாப்பாடு இறங்காதவங்களுக்குச் சதை கரையும், அந்த இடத்துல தண்ணி சேரும். எடை அப்படியேதான் காட்டும். கணுக்கால்ல கட்டைவிரலை வச்சு அமுக்கிப் பாருங்க. குழி விழுந்து அப்படியே நின்னா எங்ககிட்ட சொல்லுங்க." இவருக்கு முகம் சுருங்கிவிட்டது. வெளியே வந்ததும், "தராசு இருக்கும்போது கட்டைவிரல் எதுக்கு? தட்டுல கட்டைவிரலை வச்சு நிறுத்தவனைத்தான் நான் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார். அவள் சின்னப் பெண், அனுபவம் போதாது என்பது அவர் தீர்ப்பு.

வண்டி நின்றது ஒரு திங்கட்கிழமை, அடித்தளத்திலிருந்து தெருவுக்கு ஏறும் சரிவில். மணி ஏழு நாற்பது. முதலில் விசில் மாதிரி ஒரு சத்தம், பிறகு இரும்பை இரும்பால் தட்டும் சத்தம். சரிவு முழுக்க நீலப் புகை. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவர் பிரேக்கை மிதித்தபடி விறைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அந்த அம்மாள் மடியில் கை வைத்துக்கொண்டு, "தள்ளுற கையைக் காணோமே" என்றார். கேலிதான், ஆனால் குரலில் பலமில்லை. அவர்கள் வண்டி வழியை அடைத்துக்கொண்டு நின்றதால் என் வண்டியை வெளியே எடுக்க முடியவில்லை. ஆட்களைச் சேர்த்துப் பின்னால் உருட்டிவிட்டு, என் வண்டியில் அவர்களை ஏற்றிப் போய்ச் சேர்ந்தபோது எட்டு ஐம்பது. நாற்காலியில் வேறொருவர் இருந்தார். மத்தியானம் வரை காத்திருந்ததில் நாலு மணி நேரத்துக்குப் பதில் இரண்டு மணி நேரம் கிடைத்தது.

பணிமனைக்கு நானும் போனேன். போர்மேன் ஓர் அம்மாள், கை முழங்கை வரை எண்ணெய்க் கருப்பு. கம்பியை உருவினார். கண்ணால் பார்க்கவே இல்லை, நேராக மூக்குக்குக் கொண்டுபோனார். பிறகு தராசு சாரிடம் நீட்டினார்.

"மோந்து பாருங்க."

மோந்தார். பெட்ரோல்.

"தினம் எவ்வளவு தூரம் ஓடும் சார்?"

"ஒன்றரை. நின்னு, திரும்பி ஒன்றரை."

போர்மேன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "எஞ்சின் சூடாகிறதுக்குள்ள அணைச்சா, எரியாத பெட்ரோல் கீழ இறங்கி எண்ணெயில கலந்துடும் சார். நல்லா தூரம் ஓட்டினா ஆவியாப் போயிடும். நீங்க ஓட்டலை. எல்லா எஞ்சின்லயும் கொஞ்சம் கலக்கும்தான். ஆனா இந்தச் சின்ன டர்போ எஞ்சின்ல ரொம்பக் கலக்கும். டர்போ பம்பரம் மாதிரி சுத்துது, அதுக்கு அந்த எண்ணெயை விட்டா வேற துணை கிடையாது. தண்ணி மாதிரி ஆன எண்ணெயில எத்தனை நாள் சுத்தும்? டர்போ போச்சு, எஞ்சின் பேரிங்கும் போச்சு."

"எண்ணெய் குறையலையேம்மா" என்றார் இவர்.

"குறையாது சார், கூடும். அளவு சரியாத்தான் காட்டும். உள்ள இருக்கிறது எண்ணெய் இல்ல, அவ்வளவுதான். குறைஞ்சிருந்தா நீங்களே கண்டுபிடிச்சிருப்பீங்க. எத்தனை மாசமா கூடிக்கிட்டு இருந்துச்சு?"

"ஒன்பது."

"கவனிக்கலையா?"

"தினம் பாத்தேன்" என்றார்.

போர்மேன் கம்பியைத் துடைத்துச் செருகினார். எண்ணெய் மாற்றாததால் உத்தரவாதம் செல்லாது என்பதைத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பழுது பார்க்க வண்டி விலையில் பாதிக்குமேல் ஆகும். "டர்போ மட்டமான வண்டின்னு நான் சொல்ல மாட்டேன். ஓடுறவங்க கையில நல்லா ஓடும். உங்க ஓட்டத்துக்கு சாதா எஞ்சினே போதும் சார், இத்தனை காசும் மிஞ்சியிருக்கும்" என்றார் கடைசியாக. அதைத்தான் இவரே எனக்கு மூன்று மாதம் படித்துப் படித்துச் சொன்னார். நான் வெளியே பார்த்தேன். என் வண்டி அங்கே நின்றுகொண்டிருந்தது. ஐந்து வருடத்தில் எண்ணெய், வடிகட்டி, ஒரு பேட்டரி தவிர எதுவும் கேட்காத வண்டி. அன்று அதைப் பார்க்கவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

 திரும்பி வரும்போது பாதி வழியில் அவர், எனக்கா தனக்கா என்று தெரியாமல், "அளவு சரியாத்தான் காட்டும்" என்றார். வண்டியைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். "பழுது பாத்துடலாம் சார்" என்றேன். அவர் தன் வலது கையின் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது அவர்களை மையத்துக்குக் கொண்டுபோவது என் வேலை. அவருடைய வண்டி உறை போர்த்திப் பக்கத்திலேயே கிடக்கிறது. ஆறரைக்கு அவர் கீழே வருவதில்லை. "குறையலை" என்ற குரல் இல்லாமல் அடித்தளம் என்னவோ போலிருக்கிறது. மனது தாங்கவில்லை. குட்டி போடுது என்று அவர் சொன்னதற்குச் சிரிக்காமல் கம்பியை ஒரு தடவை நானாவது மோந்து பார்த்திருக்கலாம். எத்தனை தடவை யோசித்தாலும் இங்கேதான் வந்து நிற்கிறேன்.

நேற்றுக் காலை சற்று முன்னதாகவே மேலே போய்விட்டேன். கதவு திறந்திருந்தது. அந்த அம்மாளை எடை இயந்திரத்தில் நிறுத்தியிருந்தார். எண்ணை நானும் பார்த்தேன். ஐம்பத்திரண்டு. ஒரு வருடமாக அதே ஐம்பத்திரண்டு. ஆனால் தோளில் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது, கைகள் குச்சியாக இருந்தன. மனைவியைத் தாங்கிக் கட்டிலில் உட்கார வைத்தார். பிறகு தரையில் மண்டியிட்டு, குளிருக்குப் போட்டிருந்த கம்பளிக் காலுறையைக் கணுக்காலுக்குக் கீழே சுருட்டினார். கால் மினுமினுவென்றிருந்தது. கட்டைவிரலை வைத்து அமுக்கினார், எடுத்தார்.

குழி விழுந்தது. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒற்றைக் கண்ணால் பார்த்தார். மேலே வரும் என்று காத்திருந்தார். நானும் வாசலில் காத்திருந்தேன். வரவில்லை.

"என்னங்க, இன்னிக்கு இவ்வளவு நேரம்?" என்றார் அந்த அம்மாள் சுவரைப் பார்த்தபடி. "பாஸா, ஃபெயிலா?"

காலுறையை அந்தக் குழிக்கு மேலே, முழங்கால் வரைக்கும் இழுத்துவிட்டார். "ஐம்பத்திரண்டு" என்றார். "பாஸ்."