கடை மூடியிருந்தபோது பார்த்த மாப்பிள்ளை

ராஜாத்தி கணக்கில் கெட்டிக்காரி என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இப்போது அதைச் சொல்லும்போது வாயைக் கோணிக்கொண்டு சொல்கிறார்கள். கணக்குத் தெரியாதவள் ஏமாந்தால் பாவம் என்று விட்டுவிடும் ஊர், தெரிந்தவள் ஏமாந்தால் பாயசம் குடித்த மாதிரி சந்தோஷப்படும். நான் அவளுக்கு அடுத்த வீடு. ஜன்னலோரம் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருப்பவள். அவள் வீட்டில் பால் பொங்கினால் எனக்கு வாசனை வரும். அதனால் இதைச் சொல்ல என்னைவிடப் பொருத்தமான ஆள் இல்லை.

கம்பத்தில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். மலைக்கு மேலே கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை அடைத்துக்கொண்டு போய், பொழுது சாயக் கொண்டுவந்து இறக்கிவிடும். அப்படி ஒரு ஜீப்பை ஓட்டுகிறவன் கர்ணன். அதே ஜீப்பில் பின்னால் உட்கார்ந்து ஏலக்காய் எடுக்கப் போகிறவள் அவன் பெண்டாட்டி ராஜாத்தி. வண்டி அவனுடையதல்ல, ஓட்டினால்தான் சம்பளம். அந்தச் சம்பளத்தில் பாதி வீட்டுக்கு வருமுன் பிராந்திக் கடையில் தங்கிவிடும். மீதிப் பாதியையும் தன் கூலியையும் வைத்து ராஜாத்தி குடும்பத்தை ஓட்டினாள். நல்லபடியாகவே ஓட்டினாள். தீபாவளிக்குத் துணி, ஒரே மகள் யுவராணிக்கு உத்தமபாளையத்தில் பி.காம். படிப்பு, நகைச் சீட்டு, எல்லாம் அந்தப் பாதியிலிருந்துதான்.

அவளுக்கு வாழ்க்கையில் வேண்டியது ஒன்றுதான். மகள் டிகிரி முடிக்க வேண்டும், அப்புறம் குடிக்காத ஒருவன் கையில் அவளைக் கொடுக்க வேண்டும். ஒருமுறை ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தவள், தோளிலிருந்த காயத்தை நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் சொன்னாள்: "அக்கா, கறுப்பா இருக்கட்டும், குட்டையா இருக்கட்டும், சொத்தே இல்லாம இருக்கட்டும். வாயில நாத்தம் மட்டும் இருக்கக் கூடாது. எம்மகள நான் அனுபவிச்சதுக்குள்ள தள்ள மாட்டேன்."

கொரோனா வந்தது. எல்லையை அடைத்தார்கள். ஜீப் ஷெட்டில் நின்றது. ஒரே நாளில் அந்த வீட்டில் இரண்டு பேர் வருமானமும் போயிற்று. ராஜாத்தி அழுதுகொண்டு உட்காரவில்லை. ரேஷனில் கொடுத்த அரிசியையும் நிவாரணப் பணத்தையும் வைத்துக்கொண்டு திட்டம் போட்டாள். கேஸ் அடுப்பை மூடிவிட்டு விறகுக்கு மாறினாள். திராட்சையை வாங்க வியாபாரி வராமல் தோட்டத்துக்காரர்கள் கூடை கூடையாகச் சும்மாவே கொடுத்தார்கள். தெருப் பிள்ளைகள் தின்று தின்று வயிற்றுப்போக்கில் கிடந்தபோது, இவள் மட்டும் பக்கத்து ஊருக்குத் தலைச்சுமையாகக் கொண்டுபோய் முட்டைக்கும் எண்ணெய்க்கும் மாற்றிக்கொண்டு வந்தாள். யுவராணியின் போனுக்கு ரீசார்ஜ் ஒரு மாதமும் நிற்கவில்லை. கடைசி வருஷ ஃபீஸுக்காக வைத்திருந்த பணத்தில் ஒரு நோட்டுகூடக் குறையவில்லை.

கர்ணன்தான் தவித்துப்போனான். பிராந்திக் கடையையும் மூடிவிட்டார்களே. கேரளத்துப் பக்கமும் கடை இல்லை. முதல் வாரம் கை நடுங்க, வேர்த்து ஊற்ற, ராத்திரியெல்லாம் தெருவில் நடந்தான். திருட்டுத்தனமாக விற்ற பாட்டில் நாலு மடங்கு விலை. பெண்டாட்டியிடம் கெஞ்சினான், அப்புறம் மிரட்டினான். அவள் இடுப்பு முடிச்சை அவிழ்க்கவில்லை. இரண்டு மூன்று வாரம் போனதும் மனுஷன் சோறு கேட்டுச் சாப்பிட ஆரம்பித்தான். வாசலில் தண்ணீர் தெளித்தான். மகளோடு உட்கார்ந்து தாயம் விளையாடினான். அந்த வீட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்து நான் கேட்டது அப்போதுதான்.

"அக்கா, இந்த நோய் எங்களுக்கு நல்லதுதான் செஞ்சிருக்கு," என்றாள் ராஜாத்தி. "இவுக திருந்திட்டாக. கூலி இல்லாமலே வீடு ஓடுது பாத்தீகளா. குடிக்கிற காசு அம்புட்டும் மிச்சமாகுதுல்ல."

உலகமே செத்துக்கொண்டிருக்கும்போது இப்படியும் ஒருத்தி பேசுகிறாளே என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் தலையில் பூ வைத்திருந்தாள். அந்தக் கோலத்தில் அவளைப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. மாஸ்க்கைத் தைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் உத்தமபாளையத்திலிருந்து மகாலட்சுமி போன் செய்தாள். கர்ணனுக்குத் தூரத்துத் தங்கை முறை. அவள் மகன் சுரேஷ்கண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தவன். இப்போது ஊரில்தான் இருக்கிறான். யுவராணியைக் கட்டிக்கொள்ளும் முறை. "பத்துப் பவுன் வேணாம் மதினி, அஞ்சு போதும். மண்டபம் இல்ல, பந்தி இல்ல, இருபது பேரோட முடிச்சிரலாம். பிள்ளை எங்க வீட்டுல இருந்தே படிக்கட்டும்," என்றாள்.

ராஜாத்தியின் கணக்கு மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. ஐந்து பவுன் நகைச் சீட்டிலேயே சேர்ந்திருந்தது. மண்டப வாடகை இல்லை, ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு இல்லை, மைக் செட் இல்லை. நாலைந்து லட்சத்தில் செய்ய வேண்டியதை ஐம்பதாயிரத்துக்குள் செய்துவிடலாம். அந்த வருஷம் இந்தப் பள்ளத்தாக்கில் பெண்ணைப் பெற்ற பாதிப் பேர் அப்படித்தான் நினைத்தார்கள். கூட்டம் இல்லாவிட்டால் செய்முறைப் பணமும் வராது என்பது, ஊரெல்லாம் மொய் செய்துவிட்டுக் காத்திருந்த அவளுக்கே அப்போது உறைக்கவில்லை.

எங்கள் பக்கம் மாப்பிள்ளை விசாரிப்பதற்கு ஒரு முறை உண்டு. பெண்ணின் தாய்மாமன் மாப்பிள்ளை வேலை பார்க்கும் ஊருக்கே போவார். கம்பெனிக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து, முகம் தெரியாத ஆள் மாதிரி பேச்சுக் கொடுப்பார். பெற்ற தாய் சொல்லாததை டீக்கடைக்காரர் சொல்லிவிடுவார். இந்தத் தடவை மாமன் எங்கே போவது? பஸ் இல்லை, பாஸ் இல்லை, திருப்பூரில் டீக்கடையும் இல்லை. ஊரில் இருந்த ஆம்பிளைகள் அத்தனை பேரும் வீட்டில்தான் இருந்தார்கள். எவனுக்கு வேலை இருக்கிறது, எவனுக்குப் போய்விட்டது என்று யாருக்குத் தெரியும்?

"குடி உண்டா?" என்று ராஜாத்தி நேராகவே கேட்டாள். மகாலட்சுமி பதறவில்லை. "நீங்களே வந்து பாருங்க மதினி. சொல்லாமக் கொள்ளாம வாங்க," என்றாள்.

ராஜாத்தி போனாள். ரோட்டில் போலீஸ் என்பதால் வாய்க்கால் கரையோடு கர்ணனின் பைக்கில் போனாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. அதில் ஒன்று சனிக்கிழமை சாயங்காலம், திருப்பூரில் சம்பளம் போடுகிற கிழமை, குடிக்கிறவன் என்றால் அன்றைக்குத் தாங்க மாட்டான் என்று யோசித்துப் போனாள். பையன் குளித்துத் திருநீறு பூசி உட்கார்ந்திருந்தான். எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அவள் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு, செம்பை வாங்குகிற சாக்கில் பக்கத்தில் போய் மூச்சை இழுத்துப் பார்த்தாள்.

"சோப்பு வாசனைதான்க்கா வந்துச்சு," என்று என்னிடம் வந்து சொன்னபோது அவள் கண் கலங்கியிருந்தது. "கை நடுங்கல. கண்ணு பால் மாதிரி வெள்ளையா இருக்கு."

கதவிடுக்கில் நின்றிருந்த யுவராணி அப்போது ஒரு வார்த்தை சொன்னாள். "அம்மா, அப்பாவும்தான் இப்பக் குடிக்கல. அப்பா கண்ணும் வெள்ளையாத்தான் இருக்கு."

ராஜாத்தி திரும்பிய வேகத்தில் எனக்கே பயமாகிவிட்டது. "உங்கப்பா திருந்திட்டாகடி. வாயக் கழுவு," என்றாள். "இத்தன வருசத்துக்கு அப்புறம் ஒரு மனுசன் நல்லா ஆனா, அத நம்ப உனக்கு வலிக்குதா?"

அந்தப் பெண் சொன்னதில் என்ன தப்பு? இருபது வயசுக்காரிக்குத் தெரிந்தது இவளுக்குத் தெரியாதா? தெரிந்திருக்கும். மாப்பிள்ளையைச் சந்தேகப்பட்டால் புருஷனையும் சந்தேகப்பட வேண்டிவரும். அத்தனை காலம் கழித்து ஒரு மாதம் நிம்மதியாகத் தூங்கியவளுக்கு அதைக் கையை விட்டு விட மனசு வரவில்லை. சோறு கிடைக்காதவன் விரதம் இருந்த கதையை அவள் பக்தி என்று நம்பினாள்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைச் செய்யலாம் என்பார்கள். இந்தக் கல்யாணத்தில் யாரும் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. சித்திரையில் ஒரு முகூர்த்தத்தில், பூட்டிய கோவில் வாசலில், நான் பட்டுத் துணியில் தைத்துக் கொடுத்த மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு சுரேஷ்கண்ணன் தாலி கட்டினான். யுவராணியின் முகத்தில் பாதியை மாஸ்க் மறைத்திருந்ததால் அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியாது.

பெண்ணும் மாப்பிள்ளையும் மறுவீட்டுக்கு வந்து தங்கியிருந்தபோதுதான் கடையைத் திறந்தார்கள். வயசு வாரியாக நேரம் ஒதுக்கியிருந்தது. ஐம்பதைத் தாண்டியவர்களுக்குக் காலை, சின்ன வயசுக்காரர்களுக்கு மூன்று மணிக்கு மேல். ஆதார் கார்டு வேண்டும், மாஸ்க் வேண்டும், குடை வேண்டும். பின்னால் தடுப்பூசிக்குக்கூட அப்படி ஒழுங்காக வரிசையில் நிற்கவில்லை எங்கள் ஊர்.

நான் அன்றைக்கு விருந்துக்கு வெங்காயம் உரிக்கப் போயிருந்தேன். கர்ணனைக் காலையிலிருந்தே காணோம். உச்சிவெயிலில் குடையை மடக்கிக்கொண்டு வந்தான். கண் சிவந்திருந்தது. அடுப்படியைத் தாண்டிப் போகும்போது பழைய நாத்தம் உள்ளே வந்தது. ராஜாத்தி கோழிக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தவள், அரைப்பதை நிறுத்தவில்லை. மாப்பிள்ளை வீட்டில் இருக்கும்போது சத்தம் போட முடியாது. அம்மியைப் பார்த்துக்கொண்டே, "இவுக இப்படின்னா போகட்டும். எம்பிள்ள தப்பிச்சிருச்சு," என்று மெதுவாகச் சொன்னாள்.

கூடத்தில் சுரேஷ்கண்ணன் குரல் கேட்டது. "மாமா, கூட்டம் எப்படி இருக்கு?"

"இப்பவே போய் நின்னாச் சரியா இருக்கும் மாப்ள. உங்களுக்கு மூணு மணிக்கு மேலதான் விடுவாக," என்றான் கர்ணன். மறுவீட்டுக்கு வந்ததிலிருந்து மாமனாரும் மருமகனும் இவ்வளவு சகஜமாகப் பேசிக்கொண்டது அப்போதுதான்.

சட்டையை மாட்டிக்கொண்டு மாப்பிள்ளை அடுப்படி வாசலுக்கு வந்தான். யுவராணியிடம் ஆதார் கார்டை எங்கே வைத்தாய் என்று கேட்டான். அவள் எடுத்துக் கொடுத்தாள். பிறகு மாமியாரைப் பார்த்து, "அத்தை, ரெண்டாயிரம் இருந்தாக் குடுங்க. ரொம்ப நாளாச்சு, எல்லாரும் ஸ்டாக் வாங்கி வைக்கிறாங்க," என்றான். கூச்சமே இல்லாமல், கறிவேப்பிலை கேட்கிற மாதிரி கேட்டான்.

மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளை வாய் திறந்து கேட்டதை இல்லை என்று சொல்லக் கூடாது. எங்கள் பக்கம் அப்படி. அன்றைக்கு மறுத்தால் பெண் அங்கே போய் வாழ்நாள் முழுக்கக் கேட்க வேண்டியிருக்கும். வீட்டில் ரொக்கமாக மிஞ்சியிருந்தது யுவராணியின் ஃபீஸ் பணம் மட்டும்தான். கட்டின புருஷன் காலில் விழாத குறையாகக் கெஞ்சியும் அசையாத ராஜாத்தி, மசாலாக் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய், அந்தப் பணத்திலிருந்து எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தாள். மரியாதையாக வலது கையால் கொடுத்தாள். எனக்கு அந்த வெங்காயத் தட்டை அவன் மண்டையில் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது. வெங்காயத்தைத்தான் உரித்தேன்.

பஸ் ஓட ஆரம்பித்ததும் யுவராணி அவனோடு திருப்பூர் போனாள். தாய்மாமன் விசாரித்திருக்க வேண்டியதை, தாலி கட்டிக்கொண்ட பிறகு அவளே அந்த டீக்கடையில் விசாரித்தாள். ஊரடங்குக்கு முன்பே கம்பெனியில் அவனை வெளியே அனுப்பிவிட்டார்களாம். வேலை நேரத்தில் குடித்துவிட்டு வந்ததற்காக. மகாலட்சுமியிடம் ராஜாத்தி சண்டைக்குப் போனாள். அவள் கதவில் சாய்ந்துகொண்டு, "நான் எதை மறைச்சேன் மதினி? நீங்கதான மூணு வாட்டி வந்து மோந்து பாத்தீக?" என்று கேட்டாள்.

மிச்ச ஃபீஸ் பணமும் அதே வழியில் போக, யுவராணி கடைசி வருஷம் படிக்கவே இல்லை. இப்போது அம்மா வீட்டில்தான் இருக்கிறாள். விடியற்காலையில் அவளும் தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு, அப்பா ஓட்டுகிற ஜீப்பில் அம்மாவுக்குப் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்து ஏலத்தோட்டத்துக்குப் போகிறாள். சுரேஷ்கண்ணன் நினைத்தால் வருவான். ரெண்டு நாள் தங்குவான், கையில் இருப்பதை வாங்கிக்கொண்டு போவான். தராவிட்டால் என்ன நடக்கும் என்பது சுவர் வழியாக எனக்குக் கேட்கும்.

போன மாதம் ராஜாத்தி என் மிஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மகளையும் கூப்பிட்டாள். மறுபடியும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்திருக்கிறாள். விட்ட வருஷத்தைத் தபாலில் படித்து முடித்துவிடலாமாம், விசாரித்துவிட்டாளாம். பணத்தை மகள் கையில் வைத்து, "ஃபீஸக் கட்டிட்டு வந்துரு ஆத்தா," என்றாள்.

யுவராணி அதை எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. அம்மாவின் மடியில் திருப்பி வைத்தாள்.

"நீங்களே வச்சிருங்கம்மா. அவுக வந்து கேப்பாக, அப்பக் குடுக்கணும்ல."